அமில மழையால் சரிவு நிலத்தில் தண்ணீர் இறங்குவது குறையுமா?

கடலூர் கேப்பர் மலைச் சரிவில் முந்திரிக்கொல்லை வைத்திருக்கிறீர்கள், மழைத் தண்ணீர் முன்போல் இறங்காமல் வழிந்தோடுகிறது, அமில மழைதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் கொல்லையும் அதே மேட்டில்தான் இருக்கிறது.

அமில மழையால் குறையலாம். ஆனால் ஒரு மழையில் இல்லை, பல வருஷத்தில். சாதாரண மழையே கொஞ்சம் அமிலம்தான், அமிலத்தை அளக்கும் பி.எச். எண் 5.6 வாக்கில் இருக்கும்; எண் குறையக் குறைய அமிலம் கூடும். நிலக்கரியும் டீசலும் எரிந்து வரும் கந்தக, நைட்ரஜன் வாயுக்கள் கரைந்தால் அந்த எண் இன்னும் இறங்கும். 4.6 ஆனாலே பத்து மடங்கு அமிலம். இது களித்துகளில் ஒட்டி அவற்றைக் கட்டியாகப் பிடித்திருக்கும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கழற்றி அடித்துப் போய்விடும். மண்ணின் பி.எச். 5க்குக் கீழே போனால் அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கெடுக்கும், மண்புழுவும் குறையும். செத்த வேர் விட்ட துளையும் புழு போன தடமும்தான் தண்ணீர் இறங்கும் வாசல். சமதரையில் தண்ணீர் தேங்கி நின்றாவது இறங்கும். சரிவில் அந்த அவகாசம் கிடையாது.

ஆனாலும் நம் செம்மண்ணில் கட்டிகளைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு. கொஞ்சம் அமிலம் ஏறினால் அது சட்டென்று பிடியை விடாது. நம் நாட்டில் பல இடங்களில் காற்றில் பறக்கும் புழுதியின் சுண்ணாம்பே மழையின் அமிலத்தைத் தணித்தும் விடுகிறது. அதனால் பழியை முதலில் அமில மழை மேல் போட எனக்கு மனம் வரவில்லை.

போன வைகாசியில், கோடை மழை விட்ட மறுநாள், இரண்டு பக்கமும் வெட்டிய தகர டின்னை மண்ணில் இரண்டு விரல் ஆழம் அழுத்தி ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். சருகு கிடந்த மரத்தடியில், நான் எழுந்து இடுப்பை நிமிர்த்துவதற்குள் தண்ணீரைக் காணோம். பத்தடி தள்ளி, கொட்டை பொறுக்கப் பெருக்கி வைத்த இடத்தில், அப்பா மாட்டை மாற்றிக் கட்டிவிட்டு வந்தபோதும் பாதி நின்றது. பக்கத்தில் நகத்தால் கீறினேன். மேல்மண் பொருக்காக அப்பளம் போலப் பெயர்ந்தது. முந்தின நாள் மழைக்கும் அடிமண் காய்ந்தே கிடந்தது. இரண்டு இடத்திலும் பெய்தது ஒரே மழைதானே? வெறும் மண்ணில் துளி விழுந்து அடித்த அடியில் நுண்துகள் கலைந்து துளைகளை அடைத்துவிட்டது.

அதனால் முதலில் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். முந்திரி கொஞ்சம் அமில மண்ணைத் தாங்கும் மரம். அறிக்கை வராமல் சுண்ணாம்பு போடாதீர்கள். கொட்டை பொறுக்கி முடிந்ததும் சருகை எரிக்காமல் பரப்பி விடுங்கள். அப்புறம் ஒவ்வொரு மரத்துக்கும் பள்ளப் பக்கமாகப் பிறை வடிவில் ஒரு கரை. ஐப்பசி அடைமழை பிடிப்பதற்குள் போட்டுவிடுங்கள், பிறகு அந்தச் சரிவில் கால் நிற்காது.