கொஞ்சம்

கேள்வி: 1987-இல் பிறந்தவள் நான். என் மகனுக்கு ஏ.டி.ஹெச்.டி. (கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு) என்று சொன்ன டாக்டர், என்னையும் மூன்று தடவை வரவழைத்துப் பேசிவிட்டு, "உங்களுக்கும்தான்" என்றார். பள்ளியில் வருஷா வருஷம் என் ரிப்போர்ட் கார்டில் "கொஞ்சம் முயன்றால் நன்றாக வருவாள்" என்றே எழுதியிருப்பார்கள். 30 வருடமாக என்னைச் சோம்பேறி என்று நம்பியே வாழ்ந்துவிட்டேன். இனி என்னை நானே எப்படி ஏற்றுக்கொள்வது?
– ஒரு வாசகி

பதில்: முதலில் அந்தக் 'கொஞ்ச'த்தைக் கவனிப்போம். தமிழில் இவ்வளவு கூசாமல் பொய் சொல்லும் வார்த்தை வேறு கிடையாது. 'கொஞ்சம் வழி விடுங்க' என்பவருக்கு முழு வழியும் வேண்டும். 'கொஞ்சம் பேசணும்' என்று வருகிறவர் இரண்டு மணி நேரத்துக்கு எழுந்திருக்க மாட்டார். 'கொஞ்சம் கோபக்காரர்' என்றால் அந்த வீட்டில் பாத்திரம் பறக்கும். கொஞ்சம் கைமாற்று கேட்டவரைப் பற்றி எழுத மாட்டேன். அவரும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்.

('கொஞ்சம்' கொச்சை, 'சிறிது' என்று எழுதுக என 12 வருடமாக எனக்குத் தபால் போடும் புலவர் ஒருவர் இருக்கிறார். நெரிசலான பேருந்தில் ஏறி, 'சிறிது நகர்ந்து நில்லுங்கள்' என்று அவர் சொல்லிப் பார்க்கட்டும். இறங்குகிற வரைக்கும் படியில்தான் நிற்பார்.)

கேட்கிறவருக்கு அது மரியாதைச் சொல். கொடுக்கிறவருக்குத்தான் அளவு தெரியும். உங்கள் டீச்சர் அந்த அளவை விடைத்தாளில் இருந்து எடுத்தார். பக்கத்துப் பெண் 92, நீங்கள் 61, ஆக பாக்கி 'கொஞ்சம்'. அந்தப் பெண் ஒரு தடவை படித்த பத்தியை நீங்கள் நான்கு தடவை படித்திருப்பீர்கள். முதல் தடவை மின்விசிறி 'கிரீச்' என்றது. இரண்டாவது தடவை முன் பெஞ்சில் ஒரு ரிப்பன் அவிழ்ந்து தொங்கியது. மூன்றாவது தடவை, 'ஐயோ, இப்பவும் கவனிக்கலையே' என்கிற பதற்றம். நான்காவது தடவைதான் பத்தி கண்ணில் பட்டது, அதற்குள் மணி அடித்துவிட்டது. நான்கு மடங்கு உழைத்தவளைப் பார்த்துக் கொஞ்சம் முயலச் சொன்னார்கள். நீங்களும் 30 வருடம் அதற்குத் தலையாட்டியிருக்கிறீர்கள்.

அடுத்து ஏ.டி.ஹெச்.டி. என்ற அந்தப் பெயர். தமிழில் 'கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு' என்கிறார்கள். ஒரே பெயரில் குறைவும் இருக்கிறது, மிகையும் இருக்கிறது. கூட்டிக் கழித்தால் சராசரி வரவேண்டும், வந்ததோ கோளாறு. போதாததற்கு, 'கவனக்குறைவாக வண்டி ஓட்டியதாக வழக்கு' என்று செய்தித்தாளில் தினமும் படிக்கிற சொல் அது. நோயின் பெயரிலேயே குற்றப்பத்திரிகை! உண்மையில் இவர்களிடம் கவனத்துக்குப் பஞ்சமே இல்லை, கூப்பிட்ட இடத்துக்குத்தான் வராது. பிடித்த வேலையில் இறங்கிவிட்டால் ஆறு மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருப்பவர்களும் இவர்கள்தான்.

ஆங்கிலப் பெயரும் ஒன்றும் ஒழுங்கில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 1980-இல் 'துறுதுறுப்பு உள்ள கவனக் குறைபாடு', 'துறுதுறுப்பு இல்லாத கவனக் குறைபாடு' என்று இரண்டு வகை சொன்னது. 1987-இல் இரண்டையும் ஒரே பெயருக்குள் போட்டு, துறுதுறுப்பு இல்லாதவர்களை ஒரு மூலைக்குத் தள்ளியது. 1994-இல் அவர்களைத் திரும்ப உள்ளே கூப்பிட்டது. அதாவது, நீங்கள் பிறந்த வருடம் சாத்திய கதவை உங்களுக்கு ஏழு வயதானபோது திறந்தார்கள். செய்தி உங்கள் வகுப்பறைக்குப் போய்ச் சேரவில்லை. சேர்ந்திருந்தாலும், மேசை மேல் ஏறிக் குதிக்கிற பையனைத்தான் டாக்டரிடம் அனுப்புவார்கள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பெண் யாருக்கும் தொந்தரவில்லையே.

இதில் ஒழுக்கத்தைக் கொண்டுவந்து நுழைத்தது 1902-இல். ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் லண்டனில் ஆற்றிய உரைகளில், அறிவில் குறையில்லாமலே அடங்காமல் திரியும் பிள்ளைகளுக்கு 'ஒழுக்கக் கட்டுப்பாட்டில் குறை' என்றார். அவருக்கு நூறு வருடம் முந்தியவர் இந்த விஷயத்தில் தேவலை. 1798-இல் அலெக்சாண்டர் கிரைட்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் எழுதினார்: மேசையை நகர்த்தினாலும், கதவைப் பட்டென்று சாத்தினாலும், வெளிச்சம் கூடினாலும் இவர்களுக்குக் கவனம் சிதறும். இலக்கணப் பாடத்தின் வறட்சியில் பிரம்புக்கும் மசியாத, கெஞ்சலுக்கும் இளகாத பிள்ளைகளை எந்த ஆசிரியரும் பார்த்திருப்பார் என்றும் சொன்னார். ஆக, பிரம்பையும் பார்த்தாயிற்று, கெஞ்சலையும் பார்த்தாயிற்று. இத்தனை 'கொஞ்சம்' எழுதிய கைகள் ஒரு தடவை கொஞ்சியும் பார்த்திருக்கலாம்.

நான் யோக்கியன் இல்லை. எங்களிடம் ப்ரூஃப் பார்க்கும் ஒருவர் நடந்துகொண்டேதான் படிப்பார். கையில் அமுக்குப் பேனா, 'டக் டக்' என்று சத்தம். ஒருநாள் நான், "கொஞ்சம் ஒரு இடத்துல உட்காருங்களேன்" என்றேன். உட்கார்ந்தார். இரண்டு கையாலும் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பரீட்சை எழுத வந்தவர் மாதிரி. அந்த இதழ் 11 பிழைகளுடன் வெளிவந்தது, அதில் ஒன்று என் பெயரில். எண்ணிச் சொன்னவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை, கடிதத்தில் 'சிறிது கவனம் தேவை' என்று இருந்தது. இப்போது நம்மவர் வராந்தா முழுக்க நடக்கிறார். பேனா ரீஃபில் என் செலவு.

ஏற்றுக்கொள்வது எப்படி என்று கேட்டீர்கள். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே ராஜினாமாக் கடிதம்தான் ஞாபகம் வரும். 'இது குறையே இல்லை, வரம்' என்று சொல்லிக்கொண்டு சிலர் வருவார்கள். அவர்களையும் நம்பாதீர்கள், ஒருவரும் உங்கள் சாவியைத் தேடிக்கொடுக்கப் போவதில்லை. டாக்டர் சொல்வதைக் கேளுங்கள், மற்றபடி எனக்குத் தெரிந்த தொழில் வாக்கியம் திருத்துவது. "கொஞ்சம் முயன்றால் நன்றாக வருவாள்." இதில் 'கொஞ்சம்' பொய், அடியுங்கள். 'முயன்றால்' அதைவிடப் பொய், நீங்கள்தான் முயன்றீர்களே, அதையும் அடியுங்கள். மிச்சம் 'நன்றாக வருவாள்'. எப்போது என்று தேதி போடாத வாக்கியத்தை நான் அச்சுக்கு அனுப்ப மாட்டேன், ஆனாலும் முன்னதற்கு இது தேவலை.

மகனின் ரிப்போர்ட் கார்டும் கையெழுத்துக்கு வரும். அதே வார்த்தை இருந்தால் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பள்ளியில் கேட்டால் பத்திரிகை ஆசிரியர் திருத்தினார் என்று சொல்லுங்கள், பழி எனக்குப் புதிதில்லை.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் போட்டிருந்த தேதிக்கும் தபால் முத்திரைக்கும் இடையில் இரண்டு மாதம் இருக்கிறது. தாளின் பின்பக்கம் ஒரு பட்டியல்: கரண்ட் பில், அக்காவுக்குப் போன், மகனுக்குப் பெல்ட், இந்தக் கடிதத்தைத் தபாலில் போடு. கடைசி வரியை மட்டும் அடித்திருக்கிறீர்கள். பட்டியல் இப்போது என் மேசையில் இருக்கிறது. கரண்ட் பில்லை இதற்குள் அவர்களே ஞாபகப்படுத்தியிருப்பார்கள். அக்காவைக் கூப்பிட்டுவிடுங்கள்.