ஆச்சி சொன்னதால் பயம்

கேள்வி: எனக்கு 4 மாதக் குழந்தை, தாய்ப்பால் கொடுக்கிறேன். கணவர் சிங்கப்பூரில், அடுத்த மாதம் விடுப்பில் வருகிறார். கருத்தடைக்காகக் கருப்பையில் வைக்கும் காப்பர்-டி போட்டால் உதிரப்போக்கு நிற்காது என்று ஆச்சி பயமுறுத்துகிறார். மாத்திரையா, ஊசியா?
- வாசகி, தேவகோட்டை

பதில்: ஆச்சி சொல்வதில் பாதி உண்மை. காப்பர்-டி போட்ட முதல் 3 முதல் 6 மாதம் உதிரப்போக்கும் வயிற்றுவலியும் கூடும். பிறகு பெரும்பாலும் அடங்கிவிடும். ரத்தசோகை இருந்தால் மட்டும் முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள். 380ஏ வகை 10 ஆண்டு வேலை செய்யும். எடுத்துவிட்டால் கரு தரிக்கத் தாமதமில்லை.

அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும் 'சாயா' மாத்திரையில் ஹார்மோன் இல்லை, பால் குறையாது. முதல் 3 மாதம் வாரம் 2: ஞாயிறு தொடங்கினால் அடுத்தது புதன். அதன்பின் ஞாயிறு மட்டும். பலர் தவறுவது இங்கேதான். 7 நாளுக்கு மேல் விட்டுப்போனால் மறுபடி வாரம் 2 என்றே தொடங்க வேண்டும். மாதவிலக்கு தள்ளிப்போகலாம், 15 நாள் தாண்டினால் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். சினைப்பை நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு இது ஆகாது. கணவர் விமானம் ஏறிய பிறகு தொடங்கினால் போதாது, இப்போதே மருத்துவரைப் பாருங்கள்.

3 மாதத்துக்கு ஒருமுறை போடும் 'அந்தரா' ஊசியும் பாலைப் பாதிக்காது. ஆனால் நிறுத்திய பின் கரு தரிக்க 7 முதல் 10 மாதம் ஆகலாம். ஆண்டுக்கு ஓரிரு முறை வரும் கணவருக்காக அது தேவையா? விடுப்பு நாட்களுக்கு ஆணுறையே போதும், ஒவ்வொரு முறையும் போட்டால். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் உள்ள சாதாரணக் கருத்தடை மாத்திரை மட்டும் குழந்தைக்கு 6 மாதம் ஆகும்வரை வேண்டாம், பால் குறையலாம்.