பினாங்கில் வெளிநாட்டுத் தொழிலாளர்களை நம்பி மளிகைக்கடை போடலாமா?

கேள்வி: ஜார்ஜ் டவுனில், கொம்தார் பஸ் நிலையத்துக்கும் லிட்டில் இந்தியாவுக்கும் நடுவில் சின்னதாக ஒரு மளிகைக்கடை போட எண்ணம். அந்தப் பக்கம் வங்காளதேசி, நேப்பாளி, மியன்மார்க்காரர்கள் நிறைய. வியாபாரம் ஓடுமா?

ஓடும். ஆனால் மாதம் முப்பது நாளும் ஒரே மாதிரி ஓடாது. வேலைச் சட்டப்படி போன மாதச் சம்பளம் 7ஆம் தேதிக்குள் வந்தாக வேண்டும். அதனால் 7இலிருந்து 12 வரை கல்லா நிறையும். அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமைதான் மாதத்திலேயே பெரிய நாள், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைப் பக்கத்துத் தொழிலாளர் ஹாஸ்டல்களிலிருந்து பஸ் ஏறி கொம்தாருக்கு வந்து இறங்குவார்கள். 20க்கு மேல் முட்டை, வெங்காயம், மைசூர் பருப்பு என்று அரைக்கிலோ கணக்கில்தான் போகும். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). ஓவர்டைம் சேர்ந்தாலும், ஊருக்கு அனுப்பியது போக மிஞ்சுவதுதான் கடைக்கு வரும்.

சரக்கு எடுக்கும் தேதியையும் இதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 4ஆம் தேதி எடுத்து 14 நாள் தவணை என்றால் 18இல் கட்டலாம், கையில் காசு இருக்கும். அதே தவணைக்கு 20ஆம் தேதி எடுத்தால் அடுத்த மாதம் 4ஆம் தேதியில் போய் இடிக்கும், கல்லா துடைத்துக் கிடக்கும் நாள் அது. புதிதாகக் கடை போடுபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். விற்பனை நன்றாக இருக்கும், சப்ளையருக்குக் கொடுக்கப் பணம் இருக்காது.

பொன்னி அரிசியும் இட்லி அரிசியும் நம் ஆட்களுக்கு. வங்காளதேசிகளுக்குக் கடுகு எண்ணெய், மைசூர் பருப்பு, பொரி, கருவாடு வேண்டும். நேப்பாளிகளும் கடுகு எண்ணெய் கேட்பார்கள். பொரியை மூட்டையாகத் திறந்து வைக்காதீர்கள். பினாங்கு ஈரக் காற்றில் ஒரே நாளில் நமுத்துவிடும், வந்த அன்றே 250 கிராம் பைகளாகக் கட்டி சீல் போட்டுவிடுங்கள். கருவாட்டைத் தேயிலை, பால் மாவு பக்கத்தில் வைத்தால் அந்த வாடையை இரண்டும் இழுத்துக்கொள்ளும். டீ போட்டுக் குடித்த பிறகுதான் தெரியும், திருப்பிக் கொண்டுவந்து உங்கள் முகத்துக்கு நேரே வைப்பார்கள். மூடியுள்ள டப்பாவில், வாசல் பக்கமாக, தனி ரேக்கில் இருக்கட்டும். வாசல் பக்கம் என்றேனே தவிர அஞ்சடியில் (கடை முன் நடைபாதையில்) அடுக்காதீர்கள், மாநகராட்சி அள்ளிக்கொண்டு போகும்.

கடன் இல்லாமல் இந்த வியாபாரம் இல்லை. கடன் கணக்கு எழுதும் 555 என்ற சின்ன நோட்டுப் புத்தகம் இன்னும் வேலை செய்கிறது, எழுதும் முறைதான் முக்கியம். ஒரே ஹாஸ்டலில் நாலு முகமது இருப்பார்கள், பெயரை மட்டும் எழுதினால் யார் கணக்கு யாருடையது என்றே தெரியாது. கூப்பிடும் பெயர், ஹாஸ்டல் பிளாக், போன் நம்பர் மூன்றும் வேண்டும். ஆளுக்கு இரண்டு புத்தகம் போடுங்கள், ஒன்று உங்களிடம், ஒன்று அவரிடம். இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதினால் மாதக் கடைசியில் வாக்குவாதம் வராது. “நான் பொறுப்பு அண்ணே” என்று ஒருவர் பத்துப் பேருக்குச் சேர்த்து ஒரே கணக்கு கேட்பார். கொடுக்காதீர்கள். கம்பெனி ராத்திரியோடு ராத்திரியாக ஆட்களை வேறு மாநிலத்துக்கு மாற்றினால் அறையே காலியாகும், பத்துப் பேர் பணமும் ஒன்றாகப் போகும். ஆளுக்கு 150 வெள்ளி, மொத்தக் கடன் உங்கள் ஒரு வாரக் கொள்முதலுக்குள். இதைத் தாண்டக் கூடாது என்பது என் கணக்கு. அடமானமாகப் பாஸ்போர்ட்டை வாங்கி வைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அடுத்தவர் பாஸ்போர்ட்டை வைத்திருப்பது சட்டப்படி குற்றம், தொடவே தொடாதீர்கள்.

இன்னும் சில உதவிகள் கேட்பார்கள். ஊருக்குப் பணம் அனுப்பித் தரச் சொல்வார்கள், லைசென்ஸ் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது. உங்கள் பெயரில் சிம் எடுத்துத் தரச் சொன்னால் முடியாது என்றே சொல்லுங்கள். ஊரிலிருந்து தைலம், மாத்திரை கொண்டுவந்து விற்கச் சொல்வார்கள். மலேசியாவில் பதிவான மருந்துக்குரிய MAL எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இல்லாத மருந்து ரேக்கில் இருந்தால் பறிமுதல்தான்.

பதிவு விஷயம் பெரிதில்லை. எஸ்எஸ்எம்மில் (மலேசிய நிறுவனப் பதிவு ஆணையம்) கடைப் பெயருக்கு ஆண்டுக்கு 60 வெள்ளி, தொழில் தொடங்கி 30 நாளுக்குள் பதிய வேண்டும். அதன்பிறகு மாநகராட்சி லைசென்ஸ். சீனி, கோதுமை மாவு, சமையல் எண்ணெய் எல்லாம் கட்டுப்பாட்டுப் பொருள், மூட்டை அடுக்கும் முன் அதற்கான லைசென்ஸையும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ மானிய எண்ணெய்ப் பாக்கெட்டை 2.50 வெள்ளிக்கு மேல் ஒரு சென் கூட்டி விற்றாலும் வழக்கு. தராசை ஆண்டுதோறும் சோதித்து ஒட்டு வாங்க வேண்டும்.

ஒரு வெளிநாட்டவர் வந்து, மாதம் இவ்வளவு தருகிறேன், உங்கள் லைசென்ஸில் நான் நடத்துகிறேன் என்பார். உட்கார்ந்த இடத்தில் வருமானம் என்று மயங்க வேண்டாம், லைசென்ஸ் போனால் வேறொரு கடை போடுவதும் சிரமமாகும். பெர்மிட் இல்லாத ஆளைக் கல்லாவில் உட்கார வைத்துப் பிடிபட்டால் குடிநுழைவுச் சட்டப்படி ஆளுக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம், சிறையும் உண்டு.

பெயர்ப்பலகையில் மலாய்தான் பெரிதாக இருக்க வேண்டும், தமிழைச் சிறிதாகப் போடலாம். விலைச்சீட்டு எல்லாப் பொருளுக்கும் கட்டாயம். அதில் எண்ணைப் பெரிதாக, தடித்த மார்க்கரில் எழுதுங்கள். மலாய் தட்டித் தடவிப் பேசுகிறவரும் எண்ணைப் படித்துவிடுவார், “போலெ குராங்?” (விலை குறைக்க முடியுமா?) என்ற கேள்வியும் பாதியாகக் குறையும். சம்பள வார ஞாயிறுக்கு முன்தினமே ஒரு வெள்ளி, ஐந்து வெள்ளி நோட்டுகளை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். அன்று வருகிறவர் எல்லோர் கையிலும் ஏடிஎம்மில் எடுத்த ஐம்பது வெள்ளி நோட்டுதான் இருக்கும்.