மூளை அலைகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

என் மகனுக்கு இ.இ.ஜி. (மூளை அலைப் பதிவு) எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். தலையில் கரண்ட் வைப்பார்களா? எண்ணெய் தேய்க்காமல் வரச் சொன்னது ஏன்?
(இல்லத்தரசி, திண்டுக்கல்)

பயப்படாதீர்கள் அம்மா, கரண்ட் எதுவும் உள்ளே போகாது. மூளையில் தானாகவே உண்டாகும் மின்னழுத்தத்தை வெளியிலிருந்து அளக்கிறார்கள், அவ்வளவுதான். இதயத்துக்கு எடுக்கும் இ.சி.ஜி.யில் சுமார் 1 மில்லிவோல்ட் கிடைக்கும். தலைத்தோலில் கிடைப்பது பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோவோல்ட்தான் (1,000 மைக்ரோவோல்ட் சேர்ந்தால் 1 மில்லிவோல்ட்). இத்தனை சின்ன சிக்னலுக்கு எண்ணெய்ப் படலமே பெரிய தடை. முதல் நாளே ஷாம்பு போட்டு அலசிவிடுங்கள்.

பரிசோதனையில் கண்ணை மூடு, திற என்பார்கள். மூடினால் தலையின் பின்பக்கம் நொடிக்கு 8 முதல் 13 முறை அசையும் ஆல்ஃபா அலை எழும், திறந்தால் அடங்கும். ஜெர்மனியின் யேனா நகரில் 1924இல் மனித மூளை அலையை முதலில் பதிவுசெய்த ஹான்ஸ் பெர்கர் இதைக் கவனித்து, 1929இல் வெளியிட்டார். இன்றைக்கும் ஒரு பதிவு கையில் வந்தால் நான் முதலில் தேடுவது இந்த ஆல்ஃபாவைத்தான்.

இ.இ.ஜி. நார்மல். ஆனாலும் டாக்டர் வலிப்பு மாத்திரை கொடுக்கிறாரே?

அதில் முரண் இல்லை. அரை மணி நேரப் பதிவில் வலிப்பின் தடயம் சிக்காமல் போகலாம். சில சதுர சென்டிமீட்டர் பரப்பில் உள்ள நரம்பு செல்கள் ஒன்றாக இயங்கினால்தான் அது தலைத்தோல் வரை எட்டும். ஆழத்தில் கிளம்புவது தெரியாமலே போய்விடலாம். வலிப்பு எப்படி வந்தது என்று நேரில் பார்த்தவர் சொல்லும் விவரத்துக்கு மதிப்பு அதிகம். அடுத்த முறை முடிந்தால் போனில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகம் வெளியிட்ட மூளை அலை டேட்டாவில் எங்கள் புராஜெக்ட் 99 சதவீதம் துல்லியமாக வலிப்பைக் கண்டுபிடிக்கிறது. கட்டுரையாக அனுப்பலாமா?
(பொறியியல் மாணவி, கோவை)

அனுப்புவதற்கு முன் அந்த டேட்டா எப்படிச் சேர்ந்தது என்று பாருங்கள். அதில் ஐந்து தொகுதிகள், ஒவ்வொன்றிலும் 23.6 நொடி நீளமுள்ள 100 துண்டுகள். ஆரோக்கியமானவர்களிடம் தலைத்தோலில் எடுத்தார்கள். நோயாளிகளிடம் மண்டையோட்டுக்குள் எலெக்ட்ரோடு (மின்சிக்னலைப் பிடிக்கும் முனை) வைத்து எடுத்தார்கள். ஆரோக்கியமானவர்களின் முதல் தொகுதியையும் வலிப்புத் தொகுதியையும் பிரித்துக் காட்டும் புரோகிராம், வலிப்பைக் கற்றதா, எலெக்ட்ரோடு இருந்த இடத்தைக் கற்றதா? அந்த 99 சதவீதம் இதற்குப் பதில் சொல்லாது.

இன்னொன்றையும் சரிபாருங்கள். ஒரே நோயாளியின் துண்டுகள் பயிற்சியிலும் சோதனையிலும் கலந்திருந்தால் புரோகிராம் ஆளையே அடையாளம் கண்டுகொள்ளும். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் பதிவான சி.எச்.பி.-எம்.ஐ.டி. டேட்டா இலவசமாகவே கிடைக்கிறது. நொடிக்கு 256 முறை அளந்த, மணிக்கணக்கான பதிவு. அதில் ஒரு குழந்தையை முழுவதுமாக ஒதுக்கிவைத்து, மற்றவர்களை வைத்துப் பயிற்சி கொடுங்கள். துல்லியத்தோடு, மணிக்கு எத்தனை தவறான எச்சரிக்கை வருகிறது என்பதையும் எழுதுங்கள். எண் கண்டிப்பாகக் குறையும். அந்தக் குறைந்த எண்ணோடு வரும் கட்டுரையைத்தான் நான் ஆர்வமாகப் படிப்பேன்.

மூளை அலையை வைத்து மனதில் இருப்பதைப் படிக்க முடியுமா? போலீஸ் விசாரணையில் பயன்படுத்துகிறார்களாமே?

கல்யாண மண்டபத்துக்கு வெளியே நின்றால் கெட்டிமேளம் கேட்கும். உள்ளே இருவர் கிசுகிசுப்பது கேட்காது. தலைத்தோல் பதிவும் அப்படித்தான். பலவற்றுக்கு நடுவே அரிதாக வரும், நமக்குப் பழகிய அல்லது நாம் தேடிக்கொண்டிருக்கும் ஒன்றைக் கண்டால் சுமார் 300 மில்லிநொடியில் பி300 என்ற அலை எழும். இதை வைத்து, கை கால் அசைக்க முடியாதவர்கள் திரையில் எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையை ஆய்வாளர்கள் ஃபார்வெல், டோன்சின் இருவரும் 1988இல் காட்டினார்கள். அருமையான பயன். ஆனால் ஒருவர் குற்றக் காட்சியைக் குற்றம் செய்ததால் அறிவாரா, செய்தியில் பார்த்ததால் அறிவாரா என்று அந்த அலை சொல்லாது. சம்மதம் இல்லாமல் விசாரணையில் இந்த மூளை அலைச் சோதனையைச் செய்யக்கூடாது என்று செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை முழு மனதோடு வரவேற்கிறேன்.

மூளைக்குள் எலெக்ட்ரோடு பதித்த ஒருவர், கையால் எழுதுவதாக நினைத்தே நிமிடத்துக்கு 90 எழுத்துகள் தட்டச்சு செய்தது 2021இல் வெளியானது. அது அறுவை சிகிச்சையோடும் அவருடைய முழு ஒத்துழைப்போடும் நடந்தது.

மூளை அலையை அளந்து குழந்தையின் கவனத்தைக் கூட்டும் என்கிற நெற்றிப்பட்டை வாங்கலாமா?

வேண்டாம். நெற்றியைச் சுருக்கினாலே அங்குள்ள தசையின் மின்சாரம் ஆல்ஃபாவைவிட வேகமான பீட்டா அலையோடு கலந்துவிடும். கருவி அதையும் கவனம் என்று கணக்கில் எடுக்கக்கூடும். படிப்பில் கவனம் இல்லை என்று கவலை இருந்தால் முதலில் தூக்கத்தையும் கண் பார்வையையும் பாருங்கள். அதற்குப் பிறகும் கவலை தீராவிட்டால் குழந்தை நல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.