மாமியின்ரை நனவிலி மனமும் கீரிமலைத் தண்ணியும்: ரீச்சர் பதில் சொல்லுறா

முப்பது வருசம் உளவியல் படிப்பிச்சுப்போட்டு இப்ப வீட்டிலை இருக்கிறன். எங்களுக்கே தெரியாமல் உள்ளுக்குள்ளை வேலை செய்யிற நனவிலி மனத்தைப் பற்றி எழுதின வியன்னா டொக்டர் பிராய்டைப் பற்றிக் கேளுங்கோ எண்டு போன கிழமை சொன்னது என்ரை பிழைதான். வந்த கேள்வியளிலை பாதி மாமி, மச்சாள், பக்கத்து வீட்டு அண்ணை பற்றினது. தெரிஞ்சதைச் சொல்லுறன். நான் வைத்தியர் இல்லை, அதையும் ஞாபகம் வைச்சிருங்கோ.

சுன்னாகம், மாணவி: இட், ஈகோ, சுப்பர் ஈகோ மூண்டையும் பாடமாக்கிப் போட்டன் ரீச்சர். ஆனா விளங்கேல்லை.

பிள்ளை, அந்த லத்தீன் பேருகளை முதலிலை மறவுங்கோ. 1923இலை பிராய்ட் எழுதேக்கை வீட்டிலை புழங்கிற ஜேர்மன் சொல்லுகளைத்தான் வைச்சவர்: ‘அது’, ‘நான்’, ‘நானுக்கு மேலாலை இருக்கிறது’. ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவைதான் மருந்துப் போத்தல் பேர் மாதிரி ஆக்கிப்போட்டினம்.

நல்லூர்க் கோயில் கொடியேறினால் உங்கடை வீட்டிலை மச்சம் மாமிசம் இல்லை எண்டு வைப்பம். நீங்கள் கொழும்பிலை தனிய நிக்கிறியள். இரவு பத்து மணி, கொத்துரொட்டி அடிக்கிற சத்தம் கேக்குது. ‘அது’ இப்பவே வேணும் எண்டும். ‘நான்’ கணக்குப் பாக்கும்: ஆர் காணப்போகினம், இல்லாட்டி மரக்கறிக் கொத்தாவது வாங்குவமோ எண்டு. கோழிக் கொத்தை வாங்கிச் சாப்பிட்டு, ஒருத்தரும் காணாமலே, விடிய மட்டும் நித்திரை வரேல்லை எண்டால் அது மூண்டாவதின்ரை வேலை. ‘சனம் என்ன சொல்லும்’ எண்ட பயம் வேறை. சனம் கொழும்பு அறைக்குள்ளை வராது. அம்மம்மாவின்ரை குரல் வரும்.

மானிப்பாய், மருமகள்: மாமி நாள் முழுக்கக் கை கழுவிக்கொண்டே இருப்பா. உள்ளுக்குள்ளை ஏதோ பழைய குற்ற உணர்ச்சி எண்டு வாசிச்சன். அவவுக்குச் சொல்லலாமோ?

சொல்லாதேங்கோ தங்கச்சி. இந்த வேலைக்குப் பிராய்டே ஒரு பேர் வைச்சவர், ‘காட்டுப் பகுப்பாய்வு’ எண்டு. 1910இலை எழுதின கட்டுரை. புருசனை விவாகரத்துச் செய்த ஒரு பெண் பதட்டத்துக்கு மருந்து கேட்டுப் போக, ஒரு இளம் டொக்டர் ‘உமக்கு உடலுறவு இல்லாததுதான் காரணம்’ எண்டு முகத்துக்கு நேரை சொல்லிப்போட்டார். அந்த மனிசி இன்னும் மோசமாகிப் பிராய்டிட்டை வந்தா. காரணம் சரியாகவே இருந்தாலும் வெறுமனே எடுத்துச் சொன்னால் சுகம் வராது எண்டதுதான் பிராய்டின்ரை கதை. பஞ்ச காலத்திலை பசிச்சவனுக்கு மெனு கார்ட் குடுக்கிற மாதிரி எண்டு எழுதினார். அந்த ஒரு வரிக்காகவே எனக்கு அந்தாளைப் பிடிக்கும்.

கை தோல் உரியுமட்டும் கழுவுறா எண்டால் டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போங்கோ. இப்ப அதுக்கு நல்ல சிகிச்சை இருக்கு, பிராய்ட் தேவையில்லை.

வட்டுக்கோட்டை, ஒரு ஐயா: தாயிலை ஆசை, தகப்பனிலை பகை எண்டு எழுதின ஆளை ஏன் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறியள்?

ஐயா, உங்கடை கோவம் புதுசில்லை. 1922இலை கல்கத்தாவிலை இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கின கிரீந்திரசேகர் போஸ், தன்னட்டை வாற ஆக்களிலை இது வேறை மாதிரித்தான் தெரியுது எண்டு பிராய்டுக்கே காயிதம் எழுதினவர். மலினோவ்ஸ்கி எண்ட மானிடவியலாளர் நியூகினிப் பக்கத்துத் திரோப்ரியாண்ட் தீவுகளிலை பார்த்தது இன்னொண்டு. அங்கை அதிகாரம் தாய்மாமனுக்கு. பெடியனின்ரை பகையும் அவரிலைதான், தகப்பன் கூட்டாளி மாதிரி. அப்ப பகை ஆசையாலை வந்ததோ, அதிகாரத்தாலை வந்ததோ? எங்கடை வீடுகளிலை ஒரு பெடியன் ஆரின்ரை செருப்புச் சத்தத்துக்குப் புத்தகத்தை எடுக்கிறான் எண்டு பாருங்கோ. நான் இதை முடிவாப் படிப்பிக்கிறேல்லை, கேள்வியாப் படிப்பிச்சனான்.

கோண்டாவில்: ‘இடப்பெயர்வு’ எண்டும் ஒரு தற்காப்பு இருக்காமே?

அந்தச் சொல்லைக் கேட்டால் எங்களுக்கு 1995 ஒக்டோபர் 30, யாழ்ப்பாணமே வெளிக்கிட்டு நடந்த இரவுதான் ஞாபகம் வரும். தற்காப்பு எண்டால் தாங்கேலாததிலையிருந்து மனம் தன்னைக் காக்கிற தந்திரம். இங்கை இடம்பெயருறது கோவம். கந்தோரிலை பெரியவரிட்டை வாங்கின ஏச்சு, பின்னேரம் சைக்கிள் செயின் கழட்டினதுக்குப் பிள்ளையின்ரை முதுகிலை விழும். இப்படியான தற்காப்புகளை 1936இலை ஒழுங்காச் சேர்த்து எழுதினது மகள் அனா பிராய்ட்.

ரொறன்ரோ: கனவிலை எங்கடை பழைய வீட்டுக் கிணறு வத்திக் கிடக்குது. பலன் என்ன ரீச்சர்?

பலன் சொல்லுறது பஞ்சாங்கத்தின்ரை வேலை தம்பி. 1899 நவம்பரிலை வந்து, அட்டையிலை 1900 எண்டு போட்ட கனவுப் புத்தகத்திலை பிராய்ட் சொன்ன வழி வேறை: கனவு கண்டவர் ஒவ்வொரு துண்டையும் எடுத்து, மனதிலை வாறதை வெட்டாமல் கொத்தாமல் சொல்லவேணும். (பிறகு அவரே அடையாளப் பட்டியலுகள் சேர்த்தது எனக்குப் பிடிக்கேல்லை.) கிணறு எண்டவுடனை உங்களுக்கு முதல் வாறது என்ன? துலாவோ, ஆரும் விழுந்த கதையோ, காணி வித்த உறுதியோ? எனக்கு எழுதவேண்டாம். நீங்களே ஒரு கொப்பியிலை எழுதுங்கோ.

வடமராட்சி, ஒரு தங்கை: அண்ணா 2009இலை காணாமல் போனவர். அம்மா இண்டைக்கும் அவருக்கு ஒரு கோப்பை சோறு போட்டு மூடி வைக்கிறா. ‘உண்மையை மறுக்கிறா’ எண்டு ஒருத்தர் சொல்லுறார். அப்படியோ?

இதுக்கு நிண்டு நிதானமா எழுதவேணும் பிள்ளை.

1917இலை வந்த ஒரு கட்டுரையிலை பிராய்ட் துக்கத்தை ஒரு வேலை எண்டுறார். போன ஆளைப் பற்றின ஒவ்வொரு ஞாபகமும் மேலை வரும், ‘ஆள் இல்லை’ எண்டு நிசம் ஒவ்வொரு தரமும் சொல்லும், மனம் கொஞ்சம் கொஞ்சமாப் பிடியை விடும். எங்கடை ஆக்கள் அதுக்கு நாளே குறிச்சு வைச்சிருக்கினம். எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, வருசம் முடிய ஆட்டைத் திவசம், தகப்பன் போனால் ஆடி அமாவாசைக்குக் கீரிமலைத் தீர்த்தத்திலை முழுக்கு.

ஆனா இதெல்லாம் தொடங்க ஒரு உடல் வேணும், இல்லாட்டி நம்பக்கூடிய ஒரு சொல்லாவது வேணும். உங்கடை அம்மாவுக்கு ரெண்டும் கிடைக்கேல்லை. நிசம் அவவுக்கு ஒண்டும் சொல்லேல்லையே, அவ எதை மறுக்கிறது? வியட்நாம் யுத்தத்திலை காணாமல் போன அமெரிக்கச் சிப்பாய்களின்ரை குடும்பங்களோடை வேலை செய்த போலின் பொஸ் இதைத் ‘தெளிவில்லாத இழப்பு’ எண்டு பிறிம்பாப் பேர் சொன்னா. தனி ஆளின்ரை மனதை மட்டும் பாத்தால் காணாது, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துப் பாக்கவேணும் எண்டு யாழ்ப்பாணத்திலையே வேலை செய்த உளமருத்துவர் தயா சோமசுந்தரமும் கனகாலமா எழுதுறார்.

ஒண்டு கவனிச்சுப் பாருங்கோ. அந்தச் சோறு பிறகு எங்கை போகுது? காகத்துக்கு வைக்கமாட்டா எண்டு நினைக்கிறன். காகத்துக்கு வைச்சால் அது செத்தவைக்கு வைக்கிற சோறு. அவ அதை நல்லாத் தெரிஞ்சுதான் செய்யிறா. திவசம் குடுக்கச் சொல்லி நெருக்காதேங்கோ. தன்ரை கையாலை மகனைச் சாகடிச்ச மாதிரி அவவுக்கு இருக்கும். சாப்பாடு, நித்திரை இல்லாமல் மெலிஞ்சு போறா எண்டால் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. மற்றும்படி அண்ணாவைப் பற்றி அவ கதைக்கேக்கை கதையை மாத்தாதேங்கோ.

திருநெல்வேலி, பல்கலைக்கழக மாணவன்: பிராய்டின்ரை கொள்கை விஞ்ஞானமே இல்லை எண்டு தத்துவவாதி கார்ல் பொப்பர் சொன்னவர்தானே?

ஓம். ஒருத்தன் பிள்ளையைத் தண்ணிக்குள்ளை தள்ளுறான், இன்னொருத்தன் குதிச்சுக் காப்பாத்துறான். ரெண்டையும் ஒரே கொள்கை விளக்கினால், அது பிழை எண்டு காட்ட வழியே இல்லாத கொள்கை எண்டது அவரின்ரை குற்றச்சாட்டு. நான் ஒத்துக்கொள்ளுறன். ஆனா வகுப்பிலை நாற்பது பேருக்கு முன்னாலை நிண்ட எனக்குப் பொப்பரிலும் பாக்கப் பிராய்ட்தான் கனதரம் உதவினவர்.

கொக்குவில்: பிராய்டின்ரை வழியை நீங்கள் உங்களிலை செய்து பாத்தனீங்களோ ரீச்சர்?

தகப்பன் 1896இலை செத்த பிறகுதான் பிராய்டும் தன்னைத்தானே தோண்டத் தொடங்கினவர். என்ரை கதை சின்னன். அம்மா போன பிறகு அவவின்ரை அலுமாரித் திறப்பை நான் மூண்டு தரம் துலைச்சன். வீட்டிலை வேறை ஒரு திறப்பும் துலையேல்லை. மூண்டாந்தரம் அது அரிசி வாளிக்குள்ளை கிடந்தது. அரிசி அளக்கிறது நான் மட்டும்தான். இப்ப திறப்பு ஆணியிலை தொங்குது. அலுமாரியை இன்னும் திறக்கேல்லை.