வரையத் தெரியாது என்பவர்களுக்கு ஒரு இடம்

மனம் திறந்து: வாசகர் கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் பல ஆண்டுகள் மனநலச் சமூகப் பணியாளராக இருந்தவர் பதில் எழுதுகிறார். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

அம்பாசமுத்திரம் அருகே ஒரு நூலகக் கட்டடத்தில், மனநலச் சிகிச்சையில் இருப்பவர்களையும் அவர்கள் வீட்டாரையும் மாதம் இருமுறை கூட்டுகிறோம். ஓவியத் தாளும் வர்ணமும் வாங்கிக் கொடுத்தோம். பத்துப் பேர் வந்தால் எட்டுப் பேர் ‘எனக்கு வரையத் தெரியாது’ என்று கையைக் கட்டிக்கொள்கிறார்கள். என்ன செய்வது?
– இளைஞர், அம்பாசமுத்திரம்

தம்பி, அவர்கள் சாக்குச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தோடு வர்ணப் பென்சிலை விட்டவர்கள் அவர்கள். அங்கேயும் மார்க்குக்காகத்தான் வரைந்தார்கள். பெரிய வெள்ளைத் தாளை விரித்தால் பரீட்சை ஹால் நினைவுதான் வரும். அதை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களில், பின்பக்கம் வெறுமையாக இருப்பவற்றைச் சேர்த்துக்கொண்டு வாருங்கள். உள்ளங்கை அளவுத் தாளை நிரப்ப நாலு கோடு போதும். பிடிக்கவில்லையென்றால் அடுத்த தேதியை எடுத்துக்கொள்ளலாம்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் சொல்கிறேன். மனநல மாத்திரைகள் சிலவற்றால் கை நடுங்கும். நடுங்கும் கையில் மெல்லிய பென்சிலைக் கொடுத்தால் அவர் எல்லார் முன்னாலும் கூனிக் குறுகிப்போவார். தடித்த கிரையான் கொடுங்கள். கிழித்து ஒட்டப் பழைய பத்திரிகையும் பசையும் கொடுங்கள். எல்லாவற்றையும் விட நல்லது களிமண். காருகுறிச்சி உங்களுக்குக் கிட்டத்தில்தான் இருக்கிறது. மண்பாண்டம் செய்பவர்களிடம் கேட்டால் பிசைந்த மண் கிடைக்கும். மண்ணில் தப்பு என்பதே கிடையாது, அமுக்கினால் மறுபடியும் உருண்டைதான்.

‘கோலம் போடச் சொல்லுங்களேன்’ என்று யோசனை சொல்வார்கள். பெண்களுக்குக் கை தானாக ஓடும் என்பது சரிதான். ஆனால் கணவர் போனபின் வாசலில் கோலம் போடக் கூடாது என்று தடுக்கப்பட்ட பெண்கள் நம் பக்கத்து ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். மனச்சோர்வில் விழுந்து, வாசல் தெளிக்க எழ முடியாமல் மாமியாரிடம் ஏச்சு வாங்கியவர்களும் இருக்கிறார்கள். அவர்களாகக் கேட்டால் சாக்பீஸை எடுத்துக் கொடுங்கள்; நீங்களாகத் தொடங்க வேண்டாம்.

எங்கள் குழுவுக்கு முக்கூடல் பக்கமிருந்து பீடி சுற்றும் அம்மா ஒருவர் வந்துகொண்டிருந்தார். கிரையானைத் தொடவே இல்லை. கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கினார். காலண்டர் தாள்களைப் பீடி இலை அளவுக்கு வெட்டினார், சுருட்டினார், நூல் சுற்றினார், மடியில் சுளகு இருப்பதுபோல வரிசையாக அடுக்கினார். அதைத் தடுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டோம். சில வாரம் போனதும், சுருட்டுவதற்கு முன் ஒவ்வொரு தாளிலும் ஏதோ வரையத் தொடங்கினார். வரைந்ததும் சுருட்டிக் கட்டிவிடுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. ஒருநாள் அவரே ஒரு கட்டை அவிழ்த்துப் பக்கத்தில் இருந்த பெண்ணுக்குக் காட்டினார். என்னிடம் காட்டவில்லை. எனக்கு அதில்தான் மனம் நிறைந்தது. அவருக்குப் பணியாளர் போய்த் தோழி கிடைத்துவிட்டாள்.

ஓரளவு பழகிய பிறகு ஓர் ஆற்றை வரையச் சொல்லுங்கள். தன் வாழ்க்கையை ஓர் ஆறாக வரைவது பல நாடுகளிலும் குழுக்களில் செய்யும் பயிற்சி. தாமிரபரணிக் கரையில் பிறந்தவர்களுக்கு அதை விளக்கவே வேண்டாம். ‘உங்கள் ஆறு எங்கே புறப்பட்டது, அணைக்கட்டு எங்கே குறுக்கிட்டது, சுழல் எங்கே, மணிமுத்தாறும் சிற்றாறும் வந்து கலப்பதுபோல யார் யார் வந்து கலந்தார்கள், எந்தப் படித்துறையில் உட்கார்ந்து இளைப்பாறினீர்கள்’ என்று கேட்டால் போதும். வரையத் தெரியாது என்றவர்கள் படித்துறையில் படிகளை எண்ணிப் போடுவார்கள். ஒரு எச்சரிக்கை: 2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டையோ ஆளையோ பறிகொடுத்தவர் குழுவில் இருந்தால் ஆற்றை எடுக்காதீர்கள். அன்றைக்கு எல்லாருக்குமே பனைமரம் கொடுங்கள். வேர், மட்டை விழுந்த தழும்புகள், உச்சியில் குருத்து. அதிலும் ஒரு வாழ்க்கை அடங்கும்.

வீட்டாரை எதிர்வரிசையில் உட்கார வையுங்கள். பக்கத்தில் இருந்தால் ‘இங்கே கொண்டா’ என்று பென்சிலை வாங்கி அவர்களே வரைந்துவிடுவார்கள்.

கடைசிக் கால்மணி நேரம் பேச்சுக்கு. இங்கேதான் பல குழுக்கள் கெட்டுப்போகின்றன. ஒருவர் வாயைத் திறந்தால் ஒன்பது பேர் புத்தி சொல்லக் கிளம்பிவிடுவார்கள். நாங்கள் வில்லுப்பாட்டு வழக்கத்தை எடுத்துக்கொண்டோம். கதை சொல்பவர் ஒரு வரி சொன்னதும் கூட இருப்பவர்கள் ‘ஆமா’ போடுவார்களே, அதேபோலத்தான். படத்தைப் பற்றி ஒருவர் ஒரு வரி சொல்வார், மற்றவர்கள் ‘ஆமா’ என்பார்கள். அதற்கு மேல் ஒரு சொல்லும் கூடாது. சொல்ல விருப்பமில்லாதவர் தாளைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிடலாம். கோயில் கொடைகளில் கேட்டுப் பழகிய ‘ஆமா’ என்பதால் வயதானவர்கள் கூச்சமில்லாமல் சேர்ந்துகொண்டார்கள்.

எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி எதை வரைந்தாலும் கறுப்பிலேயே வரைகிறாள். மனநோயின் அறிகுறியா?
– ஆசிரியை, பாளையங்கோட்டை

டீச்சர், கறுப்பு என்றால் துக்கம், சிவப்பு என்றால் கோபம் என்று பட்டியல் போடுகிற பேச்சை நம்பாதீர்கள். அவள் பெட்டியில் மிச்சம் இருந்ததே கறுப்பு மட்டுமாக இருக்கலாம். ஒரு படத்தை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளைக்கு நோய்ப்பெயர் வைக்க யாருக்கும் உரிமையில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, ‘இந்தப் படத்தில் என்ன நடக்கிறது, சொல்கிறாயா?’ என்று கேளுங்கள். படத்தைப் பற்றித்தான் கேட்க வேண்டும், அவளைப் பற்றி அல்ல. சாப்பாடு, தூக்கம், சேக்காளிகளோடு பழகுவது இவற்றில் மாற்றம் தெரிகிறதா என்றும் கவனியுங்கள்.

சாவைப் பற்றி எழுதினாலோ வரைந்தாலோ சுற்றிவளைக்காமல், ‘செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?’ என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் அவளைத் தனியே விடாதீர்கள். பெற்றோரை வரவழைத்து, ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அன்றே அழைத்துப் போகச் சொல்லுங்கள். டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசி ஆலோசனையின் எண் 14416. 2022 முதல் நடக்கும் இலவச அரசு சேவை அது. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

என் மகனுக்கு மனச்சிதைவு நோய். குழுவில் சேர்ந்து மண் பொம்மை செய்யத் தொடங்கியதும் முகம் தெளிந்திருக்கிறது. மாத்திரையை நிறுத்தலாமா?
– தாய், சேரன்மகாதேவி

நிறுத்தவே கூடாது, தாயி. முகம் தெளிந்ததில் மாத்திரைக்கும் பங்கு உண்டு. மாத்திரையைத் திடீரென்று விட்டால் நோய் திரும்பிவிடும் ஆபத்து அதிகம். மாற்றமோ குறைப்போ எதுவானாலும் மருத்துவர் சொல்லித்தான்.

கலையால் பயனில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 39 பேருக்கு வர்ணமும் களிமண்ணும் கொடுத்து 45 நிமிடம் விருப்பம்போல் செய்யவிட்டார்கள். நான்கில் மூன்று பங்கினருக்கு உமிழ்நீரில் கார்ட்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் குறைந்தது. முன்பழக்கம் இல்லாதவர்களுக்கும் குறைந்தது. 2016-இல் வெளிவந்த ஆய்வு இது. ஆனால் அவர்கள் உடலும் மனமும் நலமாக இருந்தவர்கள். அதை வைத்து மருந்துக்கு மாற்று என்று சொல்ல முடியாது. மகன் செய்த பொம்மையை வீட்டில் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் வையுங்கள். காலை மாத்திரையின் அசதி இருந்தால், குழுவைப் பதினோரு மணிக்கு மேல் வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மனதில் இருப்பதை எழுதினால் பாரம் குறையும் என்றார்கள். எழுதும்போது அழுகைதான் வருகிறது. தொடரலாமா?
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

இந்த முறையை முதலில் ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர். 1986-இல் வெளியான அவரது ஆய்வில் கல்லூரி மாணவர்கள் அடுத்தடுத்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்களைப் பாதித்த நிகழ்ச்சியைப் பற்றி எழுதினார்கள். எழுதி முடித்ததும் மனம் கனப்பது அவர்களுக்கும் நேர்ந்தது. ஆகவே அழுகை வந்தால் பயப்பட வேண்டாம். மறுநாளும் அதிலேயே கிடந்தால் நிறுத்திவிடுங்கள். இழப்பு நடந்து சில வாரம்தான் ஆகிறதென்றால் இப்போது எழுதவே வேண்டாம், ஆள் துணைதான் வேண்டும். எழுதுவதென்றால் கடிகாரம் வைத்துக்கொண்டு எழுதுங்கள். இரவு படுக்கப் போகும் முன் எழுதாதீர்கள். எழுதியதை யாரும் படிக்க மாட்டார்கள் என்ற உறுதி வேண்டும்; கிழித்து அடுப்பில் போட்டாலும் தவறில்லை.

அக்டோபர் 10 உலக மனநல நாளுக்கு எங்கள் குழுவின் படங்களைக் கண்காட்சியாக வைத்து, பத்திரிகைக்கும் வாட்ஸ்அப்புக்கும் அனுப்ப ஆசை. சரியா?
– தன்னார்வலர், தென்காசி

உங்கள் ஆசை நல்லது. ஆனால் படம் உங்களுடையது அல்ல, வரைந்தவருடையது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, நோயைப் பற்றிய விவரங்களை இரகசியமாக வைத்திருக்கும் உரிமையை அவருக்குத் தருகிறது. மனநல நிலையத்தில் சிகிச்சை பெறுபவரின் புகைப்படத்தையோ விவரத்தையோ அவர் ஒப்புதல் இல்லாமல் ஊடகங்களுக்குக் கொடுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. கல்யாணம் பேசிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு அந்த வாட்ஸ்அப் படம் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கூட்டத்தில் வைத்துக் கேட்காதீர்கள். பத்துப் பேர் முன்னால் யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். தனியாகக் கேளுங்கள். யோசிக்க ஒரு வாரம் கொடுங்கள். படத்தை வைக்கலாமா, பெயரைப் போடலாமா, போட்டோ எடுக்கலாமா என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். இன்று சரி என்றவர் கண்காட்சி அன்று காலையில் வேண்டாம் என்றாலும், காரணம் கேட்காமல் படத்தைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.