செய்தி எடுத்தவர் ஒருவர், தலைப்புப் போட்டவர் வேறொருவர்

கேள்வி: எங்கள் ஏரி மதகின் ஷட்டர் துருப்பிடித்து உடைந்துவிட்டது. மணல் மூட்டை அடுக்கித் தண்ணீரை நிறுத்தினோம். நிருபர் ஒருவர் வந்து விசாரித்து, படமும் எடுத்துப் போனார். மறுநாள் நாளிதழில் ‘ஏரி மதகை உடைத்த விவசாயிகள்’ என்று தலைப்பு! உள்ளே செய்தி சரியாகத்தான் இருக்கிறது. நிருபரைக் கேட்டால், “தலைப்பு நான் போட்டதில்லை” என்கிறார். நம்பலாமா? நிருபர், செய்தியாளர், துணை ஆசிரியர், செய்தி ஆசிரியர் என்கிறார்களே, இவர்களில் யாரிடம் முறையிடுவது?
– ஏரிப் பாசன விவசாயிகள் சங்கச் செயலாளர் ஒருவர்

பதில்: அவர் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும், நம்புங்கள். செய்திகளைத் திருத்திப் பக்கம் அமைக்கும் நாளிதழ் டெஸ்க்கில் பல ஆண்டுகள் இரவுப் பணி பார்த்தவன் நான். உங்களுக்கு நேர்ந்ததைப் போன்ற ஒரு தவறை நானே செய்திருக்கிறேன்.

ஒரு பகுதி நேர நிருபர், மணல் லாரியை மறித்த ஊர் மக்கள் தாக்கப்பட்டதைச் செய்தியாக அனுப்பியிருந்தார். ‘மணல் லாரியை மறித்த மக்கள் மீது தாக்குதல்’ என்று தலைப்பு எழுதினேன். இரண்டு காலத்தில், அதாவது இரண்டு பத்தி அகலத்தில், அது அடங்கவில்லை. பக்கம் முடிக்கும் அவசரத்தில் சொற்களைக் குறைத்தேன். அச்சில் வந்தது ‘மணல் லாரி மீது மக்கள் தாக்குதல்’. அடிபட்டவர்களை அடித்தவர்களாக்கிவிட்டேன். விடிந்ததும் ஊர் போய் நின்றது அந்த நிருபரின் வீட்டு வாசலில். என் பெயர்கூட அங்கே யாருக்கும் தெரியாது. இப்போதும் அதை நினைத்தால் மனம் கனக்கிறது. அதனால்தான் உங்கள் நிருபர் மீது கோபப்பட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

இனி, யார் யார் என்று பார்ப்போம். ‘நிருபம்’ என்றால் கடிதம். பைபிளில் பவுல் எழுதிய கடிதங்களுக்கு நிருபங்கள் என்றே பெயர். வெளியூரிலிருந்து பத்திரிகைக்குச் சேதி எழுதி அனுப்புகிறவர் நிருபர். இன்று ‘செய்தியாளர்’ என்பதும் அதே வேலையைத்தான் குறிக்கிறது. நாளிதழ்களில் நிருபர் என்றும், தொலைக்காட்சியில் செய்தியாளர் என்றும் சொல்லும் பழக்கம் அதிகம். பத்திரிகையாளர், இதழாளர், ஊடகவியலாளர் ஆகியவை இந்தத் தொழிலில் இருக்கும் எல்லாருக்குமான பொதுச் சொற்கள். இலங்கைத் தமிழர்களிடையே ‘ஊடகவியலாளர்’ அன்றாட வழக்கிலேயே இருக்கிறது.

தாலுகா அளவில் நீங்கள் பார்க்கும் நிருபர் பெரும்பாலும் பகுதி நேரத்தவர். அலுவலகத்தில் ‘ஸ்டிரிங்கர்’ என்பார்கள். பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது, அச்சாகும் செய்தியின் அளவுக்கு ஏற்பத்தான் பணம். ஒரு பத்திரிகையின் உள்ளூர்ப் பக்கம் முழுக்க இவர்கள் தோளில்தான் நிற்கிறது. ஆனால் பக்கத்தில் என்ன வர வேண்டும் என்று முடிவு செய்யும் இடத்தில் இவர்கள் இருப்பதில்லை. இவர்கள் அனுப்புவது மாவட்ட நிருபர் வழியாகவோ நேராகவோ டெஸ்க்குக்குப் போகும். அங்கே துணை ஆசிரியர் அதைத் திருத்தி, சுருக்கி, தலைப்புப் போடுவார். சில பத்திரிகைகளில் அவரையே உதவி ஆசிரியர் என்பார்கள். எந்தச் செய்தி எந்தப் பக்கத்தில், எத்தனை காலத்தில் என்று முடிவு செய்கிறவர் செய்தி ஆசிரியர். பாரதியாரே 1904ல் சுதேசமித்திரனில் துணை ஆசிரியராகச் சேர்ந்து, ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கிக் கொண்டிருந்தவர்தான்.

ஆசிரியர் பதவி இவற்றிலிருந்து வேறுபட்டது. உங்கள் நாளிதழின் கடைசிப் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் யார் என்று அதில் போட்டிருப்பார்கள். வந்த செய்திக்குச் சட்டப்படி பதில் சொல்ல வேண்டிய பெயர்கள் அங்கேதான் இருக்கின்றன. 1908ல் ‘இந்தியா’ வார இதழ் மீது அரசு பாய்ந்தபோது, எழுதிய பாரதியார் புதுச்சேரிக்குப் போய்விட்டார். பதிவில் ஆசிரியராக இருந்த சீனிவாசன் சிறைக்குப் போனார். அந்தப் பொடி எழுத்து வரிக்கு அவ்வளவு கனம் உண்டு.

ஆகவே உங்கள் கடிதம் ஆசிரியருக்குப் போகட்டும். நாளிதழின் தேதி, பதிப்பு, பக்க எண், தவறான தலைப்பு, சரியான தகவல் இவை மட்டும் போதும், ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். செய்தி நறுக்கையும், மதகு பழுதானது பற்றி முன்பே நீர்வளத் துறைக்கோ ஆட்சியருக்கோ மனு கொடுத்திருந்தால் அதன் நகலையும் இணையுங்கள். ‘திருத்தம் வெளியிட வேண்டுகிறோம்’ என்று தெளிவாகக் கேளுங்கள். விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதே நாளில் செய்தி ஆசிரியருக்கும் போன் செய்யுங்கள். பிற்பகலில் பேசுவது நல்லது, இரவு எட்டு மணிக்கு மேல் டெஸ்க்கில் யாருக்கும் காது கேட்காது.

பெரும்பாலும் இதிலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் இந்தியப் பத்திரிகை மன்றத்தில் புகார் செய்யலாம். நாளிதழ் என்றால் செய்தி வெளியான இரண்டு மாதத்துக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். ஆசிரியருக்கு முதலில் எழுதினீர்களா என்று கேட்பார்கள், தபால் ரசீது அங்கேதான் உதவும். மன்றம் கண்டிக்கலாம், எச்சரிக்கலாம், அபராதம் போட முடியாது. தொலைக்காட்சிச் செய்திகள் அதன் வரம்பில் வராது.

இன்னொன்று. ‘திருத்தம் போட வைக்கிறேன், செலவாகும்’ என்று இடையில் யாராவது வந்தால், வண்டியில் பிரஸ் ஸ்டிக்கர் இருந்தாலும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அவர் சொல்லும் பத்திரிகையின் அலுவலகத்துக்குப் போன் செய்து, அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். திருத்தம் போடுவது பத்திரிகையின் கடமை. அதற்குக் கட்டணம் கிடையாது.

அந்த நிருபரைக் கூப்பிட்டு, “நீங்கள் எழுதியது சரி, தலைப்புக்குத்தான் ஆசிரியருக்கு எழுதுகிறோம்” என்று சொல்லிவிடுங்கள். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மதகுக்காக மனு கொடுங்கள். அங்கே நிருபர்கள் கூடியிருப்பார்கள், உங்கள் நிருபரும் வரக்கூடும். மனு எண், மதகு உடைந்த தேதி, எத்தனை ஏக்கர் பாசனம், பொறுப்பான பொறியாளரின் பதவி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். ‘மதகு இன்னும் சரி செய்யப்படவில்லை’ என்று அடுத்த செய்தியை எழுத அவருக்கு அது போதும்.